பயற்றங்கொடி கலந்த லோடு

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கண்ணெதிரே ஒருவரை அடிக்கும்போது, அவர் மேல் தப்பில்லை என்று காட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஏன் வாயை மூடி நின்றேன்? நேற்றிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன், தெரியவில்லை.

உன் மாமாவின் ஆலையில் என் வேலை உனக்குத் தெரியும். வைக்கோலை வேகவைத்துச் சர்க்கரைநீராக்கிப் பாக்டீரியாவுக்குக் கொடுப்போம், தழைச்சத்தை மட்டும் நிறுத்திவிடுவோம், அது பெருக முடியாமல் தின்றதையெல்லாம் உடம்புக்குள் பிளாஸ்டிக்காகச் சேர்க்கும், பிறகு உடம்பைக் கிழித்து எடுத்துக்கொள்வோம். மண்ணில் மக்கும் பை என்று ஊர் மெச்சுகிறது, உள்ளே நடப்பது பட்டினியும் கொலையும்தான். தொட்டியைக் கவனிக்கும் ஆபரேட்டர், இதுங்களும் என் மாமியாரும் ஒண்ணு மேடம், பஞ்சம்னு தெரிஞ்சாத்தான் பதுக்கும் என்பார். இந்த முறை மூன்று நாளாகியும் பதுக்கவில்லை. தொட்டி நிறையக் கூழ், துளி பிளாஸ்டிக் இல்லை. உன் மாமா வந்தான், ஆபரேட்டரைப் பார்த்து, யூரியாவைக் கொட்டினியாடா, சோறு போட்ட இடத்துக்கே உலை வைக்கிறியா என்று கத்திக்கொண்டே பெரிய ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி தோளில், எலும்பு முறிந்தது மோட்டார் இரைச்சலையும் மீறிக் கேட்டது. அடுத்தது காதில். அவர் பிடித்துக்கொண்ட கண்ணாடிக் குழாய் உடைந்து கூழும் ரத்தமும் ஒன்றாக ஓடின, விழுந்த பிறகும் உதைத்தான். மேடத்தைக் கேளுங்க சார், மேடத்துக்குத் தெரியும் என்று அவர் தரையிலிருந்து இரண்டு தடவை சொன்னார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி ஏன் ஏமாற்றியது என்று பார்க்க, மீதி வைக்கோலை அன்று காலைதான் சோதித்திருந்தேன், அதில் பயற்றங்கொடி கலந்திருந்தது, தழைச்சத்து அதில் வந்தது. எந்த லோடையும் சோதிக்காமல் உள்ளே விடாதவள் நான், தம்பியே கொண்டுவந்ததுதானே என்று இதற்கு மட்டும் வந்த அன்று வெறுமனே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பயம் தம்பி மேலா, அந்தக் கையெழுத்து மேலா, சொல்லத் தெரியவில்லை.

அவர் வழுக்கி விழுந்தார் என்று மாமா உனக்குப் போனில் சொல்வான், நம்பாதே. நீ ஓட்டப் பழகும்போது உன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடிவந்தவனும் அவன்தான், அதை மறக்கச் சொல்லவில்லை. நாளை தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். உனக்கு எழுதிவிட்டால் போயே ஆகவேண்டும், அதனால் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. யார் நீட்டினாலும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே, அதை மட்டும் நினைவில் வை. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள், தபாலில் சேர்க்கும் முன்: போனேன். ஆபரேட்டருக்கு இடது காது இனிக் கேட்காதாம். அவர் மனைவி தாளை இரண்டு முறை படித்தார், என்னை ஓங்கி அறைந்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வாங்க, இதை ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க என்றார். என் கையெழுத்தையும் சேர்த்துச் சொன்னேன். மத்தியானம் உன் மாமாவை வந்து கூட்டிப்போனார்கள். ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, நீயாக்கா சொன்னே என்று கேட்டான். ஆமாம் என்றேன்.