குழாயில் இருக்கிற ரத்தம்

அன்பு மகள் தேன்மொழிக்கு, சங்கரன்கோவிலிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை அனு, தறிகள் எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் வாய் கூசாமல் சுகம் என்பாய். போனில் திட்ட ஆரம்பித்தால் உனக்கு நெட் போய்விடுகிறது, அதனால்தான் பார்சலுக்குள் கடிதம்.

போன வாரம் வீடியோவில் உன் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்துக் கேட்டேன். குடல் புழுவைக் கொல்ல ஆராய்ச்சிக்கூடத்தில் நீ செய்கிற வெள்ளித் துகள் ரத்த அணுவை உடைக்கிறதா என்று பார்க்க உன் ரத்தத்தையே எடுத்தேன் என்றாய். அடுத்த வீட்டுக்கு உறைமோர் கொடுத்ததுபோல, கொஞ்சம்தாம்மா, அடிக்கடி எடுக்கதுதான் என்கிறாய். அவ்வளவு பெரிய போலந்து தேசத்தில் வேறு யாருக்கும் ரத்தம் ஓடவில்லையா? சின்ன வயதில் செருப்பில்லாமல் திரிந்து கொக்கிப் புழு ஏறி, வெளுத்துப்போய்ப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவள் நீ. அன்றைக்குப் புழு திருடிக் குடித்தது. இன்றைக்கு நீயே ஊசி குத்தி ஊற்றிக் கொடுக்கிறாய்.

அப்பாவுக்கோ பெருமை தாங்கவில்லை, என் மகள் வெள்ளியாலேயே புழுவைக் கொல்லுதா என்று தறிச் சத்தத்தையும் மீறி ஊருக்கே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு என் தம்பி, பனவடலிசத்திரத்து வெள்ளத்துரை மாமா, அத்தையின் வெள்ளிக் கொலுசைக் கழற்றி ஆட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டிருக்கிறான். ஏம்லே இப்படி என்றால், நம்ம தேனு சொல்லுதது தப்பா இருக்குமாக்கா என்கிறான். ஆட்டு வயிற்றில் புழு அப்படியே இருக்கிறது, கொலுசுதான் கறுத்துவிட்டது, அத்தை அவனோடு பேசுவதில்லை. இந்த மருந்து இன்னும் ஆட்டுக்கும் வரவில்லை ஆளுக்கும் வரவில்லை என்று அவனுக்கு நீயே போன் போட்டுச் சொல். துகளைக் குறைவாகப் போட்டால் ரத்த அணு உடையவில்லை என்று அன்றைக்குத் துள்ளினாய். சந்தோஷம்தான் மக்கா. குழாயில் இருக்கிற உன் ரத்தம் பத்திரம், உடம்பில் மிச்சம் இருப்பதை யார் பார்ப்பது? படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அனுவிடம் சொன்னாயாமே. எனக்குப் பயமாக இருக்கிறது.

முருங்கைக்கீரைப் பொடியும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறேன். நோய்க்குப் பூசுகிற கோவில் புற்றுமண் வைக்கவில்லை, அதையும் குழாயில் போட்டுப் பார்ப்பாய். கோமதி அம்மன் உன்னைக் காப்பாள், நீ கொஞ்சம் இடம் கொடுத்தால். ஞாயிற்றுக்கிழமை போனில் கீழ் இமையை இழுத்துக் காட்டு, மறக்காதே. சிவப்பாக இருந்தால் உன் வெள்ளிக் கதையை எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். வெளுத்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. அடுத்த சோதனைக்கு ரத்தம் வேண்டுமென்றால் டிக்கெட் அனுப்பு, நான் வந்து கையை நீட்டுகிறேன்.

உன் அம்மா,
பேச்சித்தாய்