கடைசி வரிசை

12-2-1983, சனி

பள்ளி ஆண்டு விழா முடிந்தது. எப்போதும் அதிகாரிகள் வீட்டுப் பிள்ளைகள்தான் முன்னால் நிற்பார்கள். இந்த முறை பாட்டின் நடுவில் முன்வரிசை பின்னால் போய், பின்வரிசை முன்னால் வரும்படி நடனத்தை அமைத்தேன். தலைமையாசிரியைக்குக் கோபம். இருக்கட்டும்.

இது என் யோசனை இல்லை. போன வருடம் புதுச்சேரியில் பத்து நாள் எங்களைப் போன்ற ஆசிரியைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்த பாரிஸ் அம்மாவுடையது. பெரிய பாலே குழுவில் பதினோரு வருடம் கடைசி வரிசையிலேயே ஆடியவர். பிறகு விலகிச் சொந்தக் குழு தொடங்கினார். அவர் அமைத்த நடனங்களை இன்று பல தேசங்களில் ஆடுகிறார்கள். எதிலும் நிரந்தர முதல் வரிசை கிடையாது.

இன்று சுரக்குடி மல்லிகா முதன்முறையாக முன்னால் வந்து ஆடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிந்ததும் அவள் அம்மா பதறிக்கொண்டு வந்தார். அறுப்பு வேலையை விட்டுவிட்டு வந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தவர்.

"எம்பொண்ணு என்னங்க தப்பு பண்ணா? பாதியில உள்ள அனுப்பிட்டீங்களே டீச்சர்!"

"அனுப்பலியேம்மா. முன்னாடிதானே ஆடுனா?"

"முன்னாடியா? நான் கடைசி வரிசைய விட்டுக் கண்ண எடுக்கலீங்களே."

விளக்கை அணைக்க வேண்டாம் என்றேன். பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டேன். ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. பாட்டு நானே பாடினேன். மல்லிகாவின் அம்மா மறுபடி பின்னால் போய் நிற்கப் பார்த்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, முன்வரிசையில் கலெக்டர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார வைத்தேன்.

பாரிஸ் அம்மாவுக்கு நன்றி எழுத வேண்டும். மேடையில் வரிசையை மாற்றியவள் நாற்காலிகளை மறந்துவிட்டேன் என்பதையும் எழுத வேண்டும்.