செம்பை மட்டும் பார்க்கும் நீலம்

ஜூன் 16, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. கடல் காற்று இன்னும் இறங்கவில்லை. திருவொற்றியூரில் ரயில் ஏறியதும் ஜன்னலோரம் கிடைத்தது, வண்ணாரப்பேட்டை வரை தூக்கம்.

லேபில்: குடுவைகள் கழுவ. அசிட்டோநைட்ரில் தீர்ந்தது, ஸ்டோரில் கேட்க. யூவி விளக்கு மினுக்குகிறது, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிறது. மதியச் சாப்பாடு மறந்துபோனது.

தண்ணீரில் செம்பைக் காட்டிக்கொடுக்க நான் செய்யும் சாயம், கூ-3, இன்று நல்ல மஞ்சள் பொடியாக வந்தது. முழுப் பெயர் எழுதினால் ஒரு வரி போய்விடும். கூமரின் என்ற மூலக்கூறு வளையத்தில் நான் ஒரு கை ஒட்டவைத்தது, அவ்வளவுதான். கூ-1 கரையவே இல்லை. கூ-2வுக்கு ஊர்ப்பட்ட உலோகத்தோடெல்லாம் சிநேகம். இது மட்டும்தான் ஒருத்தனுக்கே கழுத்தை நீட்டுகிறது. ஈயம், காட்மியம், துத்தநாகம், பாதரசம் எதைச் சொட்டினாலும் விளக்கடியில் நீலமாக எரிந்துகொண்டே இருக்கும். செம்பு அயனி ஒரு சொட்டு விழுந்தால், அந்தக் கையின் நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் நண்டு மாதிரி கவ்விக்கொள்ளும். நீலம் அணைந்துவிடும். ஈடிடிஏ கரைசல் விட்டால் அது செம்பைப் பிடுங்கிக்கொள்ளும், நீலம் திரும்பிவிடும்.

மதியம் முழுக்க இதுதான் வேலை. அணைத்து, ஏற்றி, மறுபடி அணைத்து. இருட்டறையில் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. கைடு மேடம் பின்னால் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"ரியல் வாட்டர் சாம்பிள் எங்கம்மா? அது இல்லாம தீசிஸ்ல கடைசி சேப்டர் எப்படி முடியும்?"

சாயங்காலம் அண்ணனுக்கு போன். எண்ணூர் முகத்துவாரத்தில் நண்டு வலை போடுகிறான், போன வாரமே காலி பாட்டில்கள் கொடுத்துவைத்திருந்தேன். "நாளிக்கு காலைல வலைக்குப் போவச் சொல்லோ மொண்டாந்துர்றேன். நீ இன்னாத்துக்கு டென்சன் ஆவுற?"

ஜூன் 18, புதன்

புழுக்கம். மணலி ரிஃபைனரி பக்கத்திலிருந்து அந்த வாசனை.

அண்ணன் கொடுத்த தண்ணீரில் கூ-3 போட்டேன். அணைந்துவிட்டது. எல்லா பாட்டிலும்.

முதலில் சந்தோஷம். இதை யார் படிக்கப்போகிறார்கள், உண்மையையே எழுதலாம்: குதிக்காத குறை. கடைசி சேப்டர், சரிந்து இறங்கும் வளைகோடு, அட்டையில் என் பெயர், எல்லாம் அந்த இருட்டுக்குள் தெரிந்தது. பிறகுதான் அண்ணன் ஞாபகம். அந்தத் தண்ணீரில்தான் அவன் இடுப்பளவு நிற்கிறான். அந்த நண்டைத்தான் அண்ணி மார்க்கெட்டில் கூறு வைக்கிறாள். இவ்வளவு செம்பு என்று நான் எழுதினால் யார் வாங்குவார்கள்?

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உடனே எழுதிடு."

"இன்னொரு தடவை பார்த்துடறேன் மேடம்."

திரும்பும் ரயிலில் தூங்கி ஒரு கனவு. முகத்துவாரம் முழுக்க நீலமாக எரிகிறது. அண்ணன் நடந்து போகிறான், கால் வைக்கிற இடமெல்லாம் இருட்டு. கூப்பிடுகிறேன், திரும்பவில்லை. விழித்தால் விம்கோ நகர்! எதிர் வண்டி பிடித்து வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. தோசை மாவு புளித்துப் பொங்கி வழிந்திருந்தது.

ஜூன் 19, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை.

பாட்டிலைக் கழுவும்போதுதான் பார்த்தேன், மூடியின் புரிக்குள் சிவப்பாக ஏதோ. அண்ணனுக்கு போன்.

"ண்ணா, மூடில இன்னா செவப்பா கீது?"

"அதுவா? காசிமேட்ல லாஞ்சுக்கு அடில அட்ச்ச பெயிண்டு, கொஞ்சம் மிஞ்சிச்சு. பசங்க குடிக்கிற தண்ணியும் அதே மாரி பாட்டில்தான். எவனாவது உன்னுத எத்துக் குட்ச்சிட்டா பேஜாராப் பூடும்ல? அதான் அடையாளத்துக்கு மூடிக்கு உள்ளாரயும் வெளியவும் ஒரு இழுப்பு இழுத்தேன். தப்பா?"

படகின் அடியில் கொட்டலசு மாதிரி ஓட்டுப்பூச்சிகள் ஒட்டாமல் இருக்க அடிக்கிற பெயிண்ட். கொட்டலசை விரட்டுவதே அதிலுள்ள செம்புதான். துளி சுரண்டிக் கரைத்து, சுத்தமான நீரில் விட்டுப் பார்த்தேன். கூ-3 பட்டென்று அணைந்தது.

தனியாக நின்று சிரித்தேன். அக்கறையில் செய்தவனை எப்படித் திட்டுவது? தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. சேப்டரும் கூடவே இறங்கிவிட்டது, அது வேறு.

ஜூன் 21, சனி

விடியலில் தூறல். புது பாட்டில்களோடு நானே படகில் ஏறினேன். அண்ணன் முன்னால் உட்கார்ந்து பீடி. பவர் ஹவுஸ் புகைபோக்கிகள் மேகத்துக்குள் பாதி மறைந்திருந்தன. கையை விட்டால் அடியில் சாம்பல் சேறு, மெத்தென்று. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம், அதில் வானவில். அழகாகத்தான் இருந்தது. அண்ணன் துடுப்பால் அதை விலக்கிவிட்டு, "இங்க மொண்டுக்கோ" என்றான்.

மதியம் லேப். நீலம் அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மேடம் முகம் கொஞ்சம் வாடியது. "சரி, தெரிஞ்ச அளவு செம்பை நாமே சேர்த்து, கண்டுபிடிக்குதான்னு பாரு. அதை வெச்சு சேப்டரை எழுதிடலாம்." பார்த்தேன். கண்டுபிடிக்கிறது. எழுதிவிடலாம்.

அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். என்ன சொன்னேன்? "ஒண்ணும் இல்லண்ணா, நல்லாத்தான் கீது." சந்தோஷத்தில் வாயில் வந்தது அதுதான்.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல காற்று. லீவுதானே என்று எண்ணூர் மார்க்கெட்டுக்குப் போனேன், அண்ணியைப் பார்த்துவிட்டு வரலாமென்று.

தூரத்திலேயே அண்ணியின் குரல். "யோசிக்காம வாங்கிக்கோக்கா. எங்க நாத்தனாரு பெரிய படிப்பு. லேப்ல வெச்சுப் பாத்துட்டு, நம்ம ஆத்துல ஒண்ணுமே இல்ல, சுத்தம்னு சொல்லிட்ச்சு."

கைக்குழந்தையோடு ஒரு பெண், மணலி புதுநகராம். "மின்ன இங்கதான் வாங்குவேன். வூட்டுக்காரருதான் கெமிக்கலு, வாணாம்னு சொல்லிகினு இருந்தாரு." பையில் நண்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "இதோ, இதான் என் தங்கச்சி! நீயே கேட்டுக்கோ."

அவள் திரும்பினாள். "மெய்யாலுமாம்மா? புள்ளைக்கி ஊட்லாமா?"

பக்கத்துக் கூறுக்காரிகளும் என்னையே பார்த்தார்கள். கூ-3க்கு ஈயம் தெரியாது. பாதரசம் தெரியாது. சாம்பல் தெரியாது, எண்ணெய் தெரியாது. செம்பைத் தவிர எதையும் திரும்பிப் பார்க்காது என்பதற்காகத்தானே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினேன்.

"செம்பு ஒண்ணு மட்டும்தான் பார்த்தேங்க்கா. அது இல்ல. மத்தது இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

அவள் நண்டுகளை ஒவ்வொன்றாகக் கூடையிலேயே திரும்ப வைத்தாள். கோபமில்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். அண்ணி என் பக்கம் பார்க்கவே இல்லை.

அண்ணன் திட்டுவான் என்று நின்றேன். திட்டவில்லை. ஈரச் சாக்கை எடுத்துக் கூடையை மூடினான். கொஞ்ச நேரம் சாக்கின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல், "அப்போ நம்ம வூட்டுப் புள்ளைங்க தெனிக்கும் துன்னுதே?" என்றான்.