பட்டியலில் பதினேழாவது பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்கிறாளா? நான் நலம். தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது.

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில், பெரிய கல்லூரிக்கு வேண்டியதைவிட எனக்குப் பதினோரு மதிப்பெண் குறைவு. அப்படிக் குறைந்தவர்களை ஃபோனில் அழைத்து, எங்கள் பயிற்சி மையத்தில் சேர்ந்து மறுபடி எழுத வைப்பதுதானே இங்கே என் வேலை. திங்களன்று கொடுத்த பட்டியலில் பதினேழாவது பெயர் என்னுடையது.

மேலாளரிடம் காட்டினேன். "அதுக்கென்னம்மா, உன்கிட்டயே பேசிப் பாரு. பேருக்கு நேரா இருக்கற கட்டத்தை மட்டும் காலியா விடாத" என்றார்.

"எழுதலைன்னு போட்டுடட்டுமா சார்?"

"அப்படி ஒரு கட்டமே கிடையாதே. 'எழுதுவார்', 'மீண்டும் அழைக்கவும்', ரெண்டுதான்."

மறுபடி எழுதியவர்களில் யாருக்கு மதிப்பெண் கூடியது என்பதற்கும் கட்டம் கிடையாது. 'மீண்டும் அழைக்கவும்' என்று குறித்தேன். இந்த வாரம் என்னைத் தேடிய ஒரே ஆள் நான்தான்.

மறுபடி எழுதினால் இன்னும் ஒரு வருடம் இதே நாற்காலி. ஆகவே இந்த மதிப்பெண்ணுக்கு இடம் தரும் மாலைக் கல்லூரிக்கே விண்ணப்பிக்கிறேன். மாற்றுச் சான்றிதழை அனுப்புங்கள். உறையில் இடமிருந்தால் அம்மா கையால் இரண்டு வரி.

பெரிய கல்லூரி என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டது தெரியும். ஞாயிறன்று பேசும்போது "இன்னொரு தடவை எழுதிப் பாரேன் கண்ணு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்பா. அந்தக் "கண்ணு" இல்லாமல் அதை நான் ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறேன்.

இடைவேளை முடிந்துவிட்டது.

உங்கள் மகள்