கைதட்டல் இல்லாத ஞாயிறு

அண்ணி,

தூங்குகிறீர்களா, இன்னும் கோபமா என்று தெரியவில்லை. கதவைத் தட்டாமல் சர்ச்சுக்குக் கிளம்புகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடி இருக்கிறது. சாவி வழக்கமான ஆணியில்.

அண்ணன் இறந்ததிலிருந்து சர்ச் பக்கமே வராத நீங்கள், போன ஞாயிறுதான் வந்தீர்கள். போதகரம்மா மைக்கைப் பிடித்து, உங்களை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லாரையும் கைதட்ட வைத்தார். "நான் என்ன பரிசு வாங்கவா வந்தேன்?" என்று பாதியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். நியாயம்தான்.

நேற்று அவரிடமே சொன்னேன். முகம் வாடிப்போனது. "ஐயோ, ஆசையில பண்ணிட்டேன்மா. இனிமே யார் திரும்பி வந்தாலும் மைக்கைத் தொடமாட்டேன்" என்றார். பாவம், அன்பைக்கூட அறிவித்துத்தான் அவருக்குப் பழக்கம்.

மனம் இருந்தால் இன்று வாருங்கள். சர்ச்சின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும். கடைசி பெஞ்சில் என் கைப்பை உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும்.

பி.கு. மனம் இல்லையென்றால் தூங்குங்கள். யாராவது கேட்டால், "எங்க அண்ணி, அவங்க இஷ்டம்" என்று வாயை அடைத்துவிடுகிறேன்.

இன்னொன்று: பாட்டு தொடங்கினால் அழுகை வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். எனக்கும் அங்கேதான் வருகிறது. இரண்டு கைக்குட்டை எடுத்துப் போகிறேன்.