பெண் கேட்டு ஓடி வந்தவர்கள்

பழவேற்காடு,
ஞாயிறு மதியம்.

என் அன்பு மகள் பெனிட்டாவுக்கு அம்மா பிலோமினா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் உன் நைனாவும் இருக்கிறோம், நலம் என்று எழுதினால் என் முழங்காலே என்னைப் பார்த்துச் சிரிக்கும், அதனால் இருக்கிறோம் என்றே வைத்துக்கொள். நீயும் அந்த டப்ளின் குளிரில் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், பக்கத்து வீட்டு ஜெசிந்தா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நம் வாசலில் நிற்கிறாள். கிறிஸ்மஸுக்கு வரும்போது ஜெபசெல்வியையும் கூட்டி வரட்டுமா, அவள் நம் வீட்டிலேயே தங்கலாமா, டிக்கெட் போடுவதற்குள் சொல்லும்மா என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நேராகச் சொல்ல வரவில்லை. போன மாதம் உன் ஓட்டக்காரர்கள் இங்கே வந்து போனதிலிருந்து சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் பழைய சங்கடம்தான். முகத்துவாரம் இந்த வருஷமும் தூர்ந்துபோய் ஏரியில் தண்ணீர் சுடுகிறது, இறால் வரத்து இல்லை, கம்பெனியில் எங்களை வா என்று சொல்கிற நாளைவிடப் போ என்று சொல்கிற நாள்தான் அதிகம். வேலை இருக்கிற நாளில் ஐஸுக்குள் கையை விட்டு இறால் உரித்து உரித்து விரல் மரத்துப்போய்விடுகிறது, இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உன் நைனா இன்னும் ஐஸ் பார் தூக்கப் போகிறார். வலது தோள் மேலே எழும்பவில்லை, சட்டையை நான்தான் மாட்டிவிடுகிறேன். டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் வருகிறது. போகாதே என்று நான் சொன்னால் ஒருவேளை போவார், அதைச் சொல்லிப் பார்க்கவும் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

உன் ஓட்டச் சங்கத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு மாப்பிள்ளை பார்க்காதேம்மா, நான் ஒரு பெண்ணோடுதான் வாழ்வேன் என்று நீ சொன்ன வருஷம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் நீ பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை காலையில் மழையானாலும் பனியானாலும் எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் பூங்காவில் கூடி ஓடுவோம், ஓடி முடித்து ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிப்போம் என்றாய். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாத பெண் அங்கே போய் ஓடுகிறாள் என்று உன் நைனாவிடம் சொன்னேன். அவர், “ஓடுகாலின்னு பேர் வாங்கறதுக்கு ஒரு சங்கம் வேற வெச்சிகிறாங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். உனக்குக் கணுக்கால் பிசகியபோது சங்கத்து ஆட்கள் முறை வைத்துக்கொண்டு சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள், துணி துவைத்துப் போட்டார்கள் என்று சொன்னாய். வீட்டில் சேர்க்காத பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கிறிஸ்மஸ் அன்று ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டோம் என்றும் சொன்னாய். அதைக் கேட்டு நான் சந்தோஷப்படவில்லை, வயிறு எரிந்தது. பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போது என் பிள்ளை வீடில்லாத பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறாளே என்று எரிந்தது. ஜெபசெல்வி தெற்கே நாசரேத் ஊர்ப் பெண், அந்த ஓட்டத்தில்தான் பழக்கம் என்று நீ சொன்னபோது நான் முதலில் கேட்டது, சி.எஸ்.ஐ.யா, நம்ம கோயில் இல்லையா என்று. நீ சிரித்தாய். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை.

சென்னையிலும் அதே மாதிரி ஒரு சங்கம் இருக்கிறது, ஒரு ஞாயிறு பழவேற்காட்டில் ஓட வருகிறார்கள், டீயும் இட்லியும் கொடும்மா என்று நீ கேட்டபோது உன் நைனா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பறவை பார்க்க வந்தவர்கள் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இட்லிக்கு அரைத்து வைத்தேன். விடிந்ததும் ஒரு வேன் வந்தது. பாங்கில் இருப்பவர், பள்ளிக்கூட வாத்தியார், கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள், துணிக்கடையில் நிற்கிற பிள்ளை என்று எல்லாம் கலந்த கூட்டம். ஓடுவதற்கு முன்னால் வட்டமாக நின்று ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, தன்னை அவன் என்று சொல்ல வேண்டுமா, அவள் என்று சொல்ல வேண்டுமா என்றும் சொன்னார்கள். டீ வாளியோடு நின்ற என்னையும் விடவில்லை. பிலோமினா, நான் எல்லோரையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவேன், என்னையும் அப்படியே கூப்பிடுங்க என்றேன். கைதட்டினார்கள். இதற்கு எதற்குக் கைதட்டு என்று எனக்குப் புரியவில்லை, மரியாதை கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பமே இல்லையே. முதல் தடவை வந்திருந்த ஒரு பெண் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். போட்டோ எடுக்கும்போது ஒதுங்கினாள், யாரும் வா என்று இழுக்கவில்லை, அவள் போட்டோவுக்கு வெளியே போகும்வரை காத்திருந்து எடுத்தார்கள். அது எனக்குப் பிடித்தது. பிறகு பாலத்தைத் தாண்டி லைட் ஹவுஸ் பக்கம் ஓடினார்கள்.

அவர்களில் கோமளா என்று ஒரு திருநங்கை, வியாசர்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறவள், என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவள். சேலையை இழுத்துச் செருகி, கீழே ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எல்லோருக்கும் கடைசியில் வருவதுதான் அவள் வேலையாம். யார் மெதுவாகப் போகிறார்களோ அவர்களோடு போக வேண்டும், யாரையும் தனியாக விட்டுவிடக் கூடாது, கடைசி ஆள் வந்து சேரும்வரை மற்றவர்கள் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது சங்கத்துச் சட்டமாம். அன்றைக்குக் கடைசி ஆள் டேவிட் என்கிற தம்பி. தொப்பையும் ஆளுமாக இருந்தார், நம் தெரு திரும்புவதற்குள் கால் நரம்பு இழுத்துக்கொண்டு நம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறவர், தன் தங்கைக்காக இந்தச் சங்கத்தில் ஓடுகிறாராம். அவர் உட்கார்ந்ததால் கோமளாவும் நின்றுவிட்டாள், உள்ளே வந்து எனக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தாள். ஐஸ் இறக்கிவிட்டு வந்த உன் நைனா வெளியே டேவிட்டோடு உட்கார்ந்திருந்தார். இன்னாத்துக்குத்தான் இப்படிக் கூட்டமாக ஓடுகிறீர்கள் என்று கோமளாவைக் கேட்டேன். “தனியா ஓடினா நாய் தொரத்தும்க்கா, நாலு பேரா ஓடினா நாய் ஒதுங்கிப் பூடும், அவ்ளோதான்” என்றாள். சிரித்துக்கொண்டே துருவலைக் கிண்ணத்தில் தள்ளினேன்.

வம்பு அதற்குப் பிறகுதான். ஓடியவர்களுக்கென்று அவர்கள் ஒரு தார் வாழைப்பழமும் கூடை ஆரஞ்சும் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கியிருந்தார்கள். வெறுங்கையோடு வரக் கூடாது என்று கோமளா தட்டில் மல்லிகைப்பூ வேறு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். வேன், பட்டணத்து ஆட்கள், பழம், பூ. ஜெசிந்தாவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும். எல்லோரும் திரும்பி வந்து இட்லியும் இறால் குழம்பும் சாப்பிட்டு, அவரவர் தட்டை அவரவரே கழுவிக்கொண்டிருக்கும்போது தெருப் பெண்கள் நாலு பேரோடு வந்து நின்றாள். “இன்னாக்கா, பெனிட்டாவ பொண்ணு கேட்டு வந்துகிறாங்கன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்ல?” என்றாள். பறவை பார்க்க என்று நான் வாயைத் திறப்பதற்குள் உன் நைனா கையைத் துண்டில் துடைத்தபடி, “ஆமா, அதுக்குத்தான் வந்துகிறாங்க” என்றார். அவ்வளவு பேர் முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல முடியுமா, வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு மூடியதுதான், அதற்கப்புறம் என்னால் எங்கும் நடமாட முடியவில்லை. மாப்பிள்ளை என்ன வேலை என்று இறால் கம்பெனியில் கேட்கிறார்கள். கறுப்பா சிவப்பா என்று பஸ்ஸில் கேட்கிறார்கள். கோயிலில் பூசை முடிந்து வந்தால் பங்குச் சாமியார், கல்யாண அறிவிப்பு ஓலை எந்த ஞாயிற்றுக்கிழமை வாசிக்கலாம் என்று கேட்கிறார். பார்க்கலாம் சாமி, பார்க்கலாம் சாமி என்று சொல்லிச் சொல்லி என் வாய் உலர்ந்துவிட்டது. அவமானத்தை மறைக்கத்தான் உன் நைனா அப்படிச் சொல்லிவிட்டார், அதைச் சுமக்கிறது நான் என்று உள்ளே குமைந்துகொண்டே இருந்தேன். போன வாரம் காலையில் அவர் தோளுக்கு எண்ணெய் தேய்க்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன், எதற்காக அந்தப் பொய்யைச் சொன்னீர்கள், இனி ஊருக்கு என்ன பதில் சொல்வது என்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நான் இன்னா பொய் சொன்னேன்? டேவிட் தம்பி கேட்டுச்சு. ஜெபசெல்வி அதோட தங்கச்சி. அப்பா அம்மா இல்ல, நாந்தான் கேக்கணும், உங்க பொண்ண எங்க தங்கச்சி உசுரா நெனச்சினுகீது, உங்க வூட்ல சேத்துக்குவீங்களான்னு கேட்டுச்சு. பொண்ணு கேக்கறதுன்னா அதானே? ஜெசிந்தா கேட்டா, ஆமான்னேன்” என்றார். கால் இழுத்துக்கொண்ட அந்த மனிதர் பெண் கேட்கத்தான் சென்னையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். உனக்கு இது முன்பே தெரியுமா என்று நான் கேட்கப்போவதில்லை, நீயும் சொல்ல வேண்டாம்.

நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பொண்ணோட அம்மாவ கேட்டுச் சொல்றேன்னேன், எல்லா வூட்லயும் அதத்தானே சொல்வாங்க” என்றார். பிறகு ஏன் இத்தனை நாளாக என்னைக் கேட்கவே இல்லை என்றேன். “நீ களைப்பா இருந்த” என்றார். அவ்வளவுதான் உன் நைனா. ஓடுகாலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர் இப்போது முறை தவறாமல் எல்லாவற்றையும் செய்துவிட்டு, முடிவை மட்டும் என் தலையில் இறக்கி வைத்துவிட்டார், ஐஸ் பார் இறக்குகிற மாதிரி.

களைப்பாகத்தான் இருக்கிறேன் பெனிட்டா. எனக்குச் சந்தோஷம் என்று எழுதினால் அது பொய். உனக்குப் பட்டுச்சேலை கட்டி, நம் மாதா கோயிலில் ஓலை வாசிக்கக் கேட்டு, பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பார்க்கிற ஆசையைக் கழற்றிப் போட இன்னும் கொஞ்ச நாள் ஆகும், அதுவரை நான் முகம் சுளித்தால் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வருவான் என்று காத்திருக்கிற தெருவுக்குள் நீ ஒரு பெண்ணோடு வந்து இறங்கினால் என்ன பேசுவார்கள் என்று நினைக்கும்போதே உடம்பு வலிக்கிறது. எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, உன்னோடும் இல்லை, ஊரோடும் இல்லை. யாரோடாவது போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஊரோடு போட்டுக்கொள்கிறேன். ஊர் போனில் அழாது.

ஆகையால் இரண்டு பேரும் வாருங்கள், டிக்கெட் போடு. கட்டில் ஒன்றுதான் இருக்கிறது, விருந்தாளி வந்தால் ஜெசிந்தா வீட்டில் இன்னொன்று கேட்டு வாங்குவேன், இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, நானும் நைனாவும் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். இதற்கு மேல் விளக்கமாக எழுதச் சொல்லாதே. அந்தப் பெண் நண்டு தின்பாளா என்று கேட்டு எழுது. நடுச்சாமப் பூசைக்கு நம்மோடு வரட்டும், ஆனால் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் போய் நின்றுவிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி வை, அவர்கள் கோயில் வழக்கம் வேறு. டேவிட் தம்பிக்கு நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே, பெண்ணின் அப்பாதான் பதில் சொல்ல வேண்டும், இன்று சாயங்காலம் நம்பரைப் போட்டுக் கொடுத்து உன் நைனாவையே பேச வைக்கிறேன். வரும்போது அவர் தோளுக்கு நல்ல தைலமாக வாங்கி வா. சனிக்கிழமை ஓடப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

எப்போதும் போல உன் நெற்றியில் சிலுவை போட்டு, மாதா உன்னைக் காக்கட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். என் பெயரைச் சொல்லி அவள் நெற்றியிலும் போட்டுவிடு என்று எழுதப் பார்த்தேன், கை ஓடவில்லை. அவள் வரட்டும், நானே போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சா. பிலோமினா