கரண்ட் போன நேரத்துப் பேச்சு

இன்று காலை பக்கத்து வீட்டில் வசம்பு சுட்டார்கள், டீச்சர். அந்த வீட்டு மருமகள் விளக்குத் திரியில் காட்டிக் கருக்கி, உரசி, கைப்பிள்ளையின் நாக்கில் தடவியிருப்பாள். கருகிய வாசனை நடுவிலிருக்கும் சந்து தாண்டி என் அடுப்படிக்குள் வந்துவிட்டது. காபிக்கு வைத்த பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் நின்றேன். உங்களை நினைத்து நாளாயிற்று என்று சொன்னால் அது பொய். ஆனால் உங்களிடம் பேசியே தீரவேண்டும் என்று தோன்றியது இன்றைக்குத்தான்.

எங்கள் பாப்பாவுக்கும் பேச்சு வரட்டும் என்று வசம்பு தடவினோம். அவளுக்கு அப்போது மூன்று வயது தாண்டிவிட்டது, வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. என் மாமியார் தேன் தடவிப் பார்த்தார். குலசாமி கோயிலில் மணி வாங்கிக் கட்டுவதாக வேண்டிக்கொண்டார். தண்ணீர்க் குழாயடியில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எதுவும் பலிக்காமல் போகவே, எல்லோரும் சேர்ந்து அவளை ஊமை என்று முடிவு கட்டினார்கள். என் காதுபடவே சொன்னார்கள். இல்லை என்று சொல்ல என்னிடம் என்ன அத்தாட்சி இருந்தது?

பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனில் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு ஜோடித் தறி ஓட்டிக்கொண்டிருந்தோம். எண்பதுகளின் கடைசி. குடோனை ஒட்டிய ஓட்டு வீடுதான் குடியிருப்பு. நீங்கள் ஊர்ப் பால்வாடிக்கு மாற்றலாகி வந்தது அந்த வருடம்தான். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதனாலேயே எனக்கு உங்கள் மேல் முதலில் கொஞ்சம் இளக்காரம். கல்யாணம் கட்டாத பெண், பிள்ளை வளர்ப்பைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இருந்தாலும் காலையில் பாப்பாவைக் கொண்டுவந்து உங்களிடம் விட்டேன், மத்தியானச் சோறாவது ஒழுங்காகத் தின்னட்டும் என்று.

நீங்கள் அவளை ஊமை என்று சொல்லவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று டம்ளரைத் தட்டிப் பார்த்தீர்களாம், சட்டென்று திரும்பினாளாம். காது கேட்கிறது, ஆனால் தாகமெடுத்தால் கட்டை விரலை வாயில் வைத்துக் காட்டுகிறாள், தூக்கம் வந்தால் உள்ளங்கையைக் கன்னத்தில் வைக்கிறாள். அதுவும் போகட்டும், சில நேரம் சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைக்கிறாள். இதெல்லாம் எங்கே படித்தாள் என்று பார்க்கத்தான் அன்று குடோனுக்கு வந்தீர்கள்.

வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நீங்கள் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. பஞ்சு பறக்கிறது, பத்துத் தறியும் ஓடுகிறது. அங்கே தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்துத் தறிக்காரிக்குக் கேட்காது. அதனால் தறிக்காரர்கள் யாரும் கத்துவதில்லை, கையும் உதடும் போதும். நான் கட்டை விரலை வாயில் வைத்தேன், அவர் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அவர் உதட்டை அசைத்தார், பாவு நூல் தீரப்போகிறது என்று நான் படித்துக்கொண்டேன். நடுவில், சேலையில் கட்டிய தூரித் தொட்டிலுக்குப் பக்கத்தில் பாப்பா உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததெல்லாம் அதுதான்.

கரண்ட் போனதும் வெளியே வந்தேன். "ஏனுங்க அம்மிணி, ஊட்லயும் இப்படித்தான் பேசிக்குவீங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துவிட்டேன். பொழுதெல்லாம் தறிச் சத்தத்தில் நின்றுவிட்டு வந்தால் காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும், வாயைத் திறக்க யாருக்கு மனசு வரும்? சோறு வேண்டுமா என்று புருவத்தைத் தூக்கிக் கேட்பேன், போதும் என்று அவர் கையைக் காட்டுவார். சண்டைகூட எங்களுக்குள் சத்தமில்லாமல்தான் நடக்கும் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"உங்க புள்ள ஊமையில்லீங்க," என்றீர்கள். "உங்களாட்டமே பேசுதுங்க."

வேப்ப மரத்தடியில் அப்படியே உட்கார்ந்தேன். தப்பு யார் மேலும் இல்லை, வேலை அப்படி என்று நீங்கள் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. இனி அவளிடம் வாயைத் திறந்து பேசுங்கள், தறி நிற்கிற நேரத்தையெல்லாம் அவளுக்குக் கொடுங்கள் என்றீர்கள். அந்த வருடங்களில் கரண்ட் போவதற்கா பஞ்சம்? கரண்ட் போனால் மற்றவர்கள் மரத்தடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். நான் மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓட வேண்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டாவதோடு நின்றவள் நான் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது, அது உங்கள் வேலையல்லவா என்று வெடுக்கென்று கேட்டேன். "மத்தியானம் வரைக்கும்தான் நான் டீச்சருங்க," என்றீர்கள். "மத்தியானத்துக்கு மேல நீங்கதான் டீச்சர்." பாட்டும் வேண்டாம் பாடமும் வேண்டாம், தக்காளி அரிந்தால் தக்காளி அரிகிறேன் என்று சொன்னால் போதும் என்றீர்கள். அப்புறம் இன்னொன்று, அதுதான் கஷ்டம். ஒன்றைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். அவள் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பதிலுக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

பைத்தியக்காரியைப் போலப் பேசினேன், டீச்சர். வெங்காயம் உரிக்கிறேன் கண்ணு, கண்ணு எரியுது பாரு என்பேன். நிறுத்துவேன். ஒன்றும் வராது. கோழி உள்ளே வருது பாரு என்பேன். நிறுத்துவேன். அவரையும் விடவில்லை. பாவம், அவருக்குத் தறியைத் தவிர வேறு பேச்சு தெரியாது. அறுந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, இதை இப்படி முடிச்சுப் போடணும் சாமி என்று சொல்லிவிட்டு, கூச்சத்தோடு என்னைப் பார்ப்பார். மாமியார், ஊமைப் பிள்ளையோடு சேர்ந்து இதுகளுக்கும் கழன்றுவிட்டது என்று குழாயடியில் சொல்லிவிட்டு வந்தார்.

கரண்ட் போன மத்தியானங்களில் பால்வாடியை ஆயாவிடம் விட்டுவிட்டு, நீங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவீர்கள். வந்து பாப்பாவுக்கு எதுவும் சொல்லித்தர மாட்டீர்கள். ஓரமாக உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்பீர்கள், அவ்வளவுதான். எவ்வளவு எரிச்சலாக இருக்கும் தெரியுமா? மாதக்கணக்கில் அப்படிப் போனபின் ஒருநாள் உடைந்து அழுதுவிட்டேன். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு சத்தமும் வரவில்லையே என்றேன்.

"கெணறு ஆழமுங்க. கல்லு இன்னும் போயிட்டிருக்குது," என்றீர்கள். பிறகு, நீங்களும் உங்கள் அறையில் அடுப்போடுதான் பேசுவதாகவும், அதுவும் பதில் சொல்வதில்லை என்றும் சொன்னீர்கள். கேலியாகத்தான் சொன்னீர்கள். நானும் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தேன். அதன் கனம் எனக்கு அப்போது தெரியவில்லை.

மறு வருடமே உங்களைப் பெருமாநல்லூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். போகிற அன்றைக்கும் பாப்பா வாய் திறக்கவில்லை. பேச ஆரம்பித்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்கள் என்று மட்டும் கேட்டீர்கள். கட்டாயம் சொல்கிறேன் என்றேன். உங்கள் பஸ் போனபின் நம்பிக்கையும் கூடவே போய்விட்டது. இருந்தாலும் பேசுவதை நிறுத்தவில்லை, பழகிவிட்டது.

நீங்கள் போய்ச் சில வாரங்கள் இருக்கும். மத்தியானம் போன கரண்ட் திரும்பி வந்தது. நாங்கள் ஓடிப்போய்த் தறியைப் போட்டோம், பத்துத் தறியும் ஒன்றாக இரைந்தன. பாப்பா குடோன் வாசலில், சாலையைப் பார்த்து நின்றிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. தறிக்காரிக்கு உதட்டைப் படிக்கத் தெரியாதா?

'டீச்சரக் காணோம்.'

எதிர்வரிசையில் நின்ற அவரும் படித்துவிட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைப்பிடியைத் தள்ளித் தறியை நிறுத்தினோம். ஓடுகிற தறியை அப்படி நிறுத்தினால் மேஸ்திரி சும்மா விடமாட்டார், அன்றைக்கு யாருக்கு அந்த நினைப்பு? அவளை அள்ளிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினேன். "என்ன கண்ணு சொன்ன?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

"டீச்சரக் காணோம்மா," என்றாள். குரல் கரகரப்பாக இருந்தது. அவர் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பறந்தேன், ஆனால் பொங்கலுக்குக் குடோன் அடைத்தபோதுதான் வர முடிந்தது. பெருமாநல்லூரில், உடம்பு சரியில்லாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டீர்கள் என்றார்கள். மறுநாள் உங்கள் ஊரான கொமரலிங்கத்துக்குப் போனேன். பாப்பா பஸ்ஸில் வழியெல்லாம் வாயை மூடவில்லை. உங்கள் அண்ணி கதவைத் திறந்தார். மஞ்சள் காமாலை முற்றிவிட்டதாம், கார்த்திகையிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். யாருங்க நீங்க என்று கேட்டார். எனக்கு முந்திக்கொண்டு பாப்பாதான், "டீச்சரப் பாக்க வந்தமுங்க," என்றாள். உங்கள் அண்ணிக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தோன்றவில்லை. பிள்ளை சூட்டிகையாகப் பேசுகிறதே என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த வீட்டில் இல்லை.

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. பாப்பா புனேயில் இருக்கிறாள், கைநிறைய வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அவள் பேசாமல் இருந்த காலத்தைப் பற்றிச் சொன்னால், நீ கதை விடாதே அம்மா என்று சிரிப்பாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. உங்கள் முகமும் நினைவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பேச்சு வந்த பிள்ளை அது எப்படி வந்தது என்றா நினைத்துக்கொண்டிருக்கும்? ஆனால் அதை என்னோடு சேர்ந்து நினைக்க இப்போது ஒரு ஆள் இல்லை.

முன்பெல்லாம் பேசாமல் இருப்பது எனக்குப் பெரிய காரியமே இல்லை. எத்தனை நாள் வேண்டுமானாலும் கையைக் காட்டியே காலம் தள்ளியிருப்பேன். நீங்கள் வந்து வாயைத் திறக்க வைத்தீர்கள். பேசுவதன் ருசியைக் காட்டிவிட்டு நீங்களும் போனீர்கள், அவரும் போனார், பிள்ளையும் தூரமாகிவிட்டாள். பேசத் தெரியாதவளாகவே இருந்திருந்தால் இந்த வீடு எனக்கு இவ்வளவு வெறிச்சென்று இருந்திருக்காது, டீச்சர். ஆனாலும் அந்தப் பேச்சைத் திருப்பிக் கொடு என்று யாராவது கேட்டால், கொடுக்க மாட்டேன்.